கிட்டார் பிளகின்களால் திணறும் லேப்டாப்: எதை முதலில் மாற்றுவது?

நான்கு கோர் லேப்டாப், இரண்டு இன்புட் உள்ள ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ், ரீப்பர் என்ற ரெக்கார்டிங் மென்பொருள், ஒரு கிட்டார். ஆம்ப்பும் எஃபெக்ட்களும் பிளகின்களாக, அதாவது அந்த மென்பொருளுக்குள் ஓடும் சின்ன மென்பொருள்களாக இருக்கும். வீட்டில் பாட்டுப் பதிவு செய்கிற பலருக்கு ஸ்டூடியோ என்பது இவ்வளவுதான். முதல் ரிதம் டிராக் எந்தச் சிக்கலும் இல்லாமல் பதிவாகும். அதையே இன்னொரு தடவை வாசித்து எதிர்ப்பக்கம் வைத்தாலும் லேப்டாப் தாங்கும். நான்கு ரிதம், பேஸ், டிரம்ஸ் எல்லாம் சேர்ந்த பிறகு லீட் வாசிக்க உட்காரும்போதுதான் ஹெட்ஃபோனில் படபடவென்று வெடிக்கத் தொடங்கும்.

இதற்குச் சொல்லப்படும் தீர்வுகள் நிறைய. பஃபரைக் கூட்டு, டிராக்கை ஃப்ரீஸ் செய், லேசான பிளகின் போடு, பெடல் வாங்கு, லேப்டாப்பையே மாற்று. எல்லாமே ஏதோ ஓர் அளவுக்கு வேலை செய்யும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் நாம் கொடுக்கும் விலை வேறு. ஒன்று பணம் கேட்கும், ஒன்று நேரம் கேட்கும், இன்னொன்று கைக்கும் காதுக்கும் நடுவே உள்ள நெருக்கத்தைக் கேட்கும். கிட்டார் வாசிப்பவருக்கு இந்தக் கடைசி விலைதான் அதிகம் என்பது என் கருத்து. கீழே ஒவ்வொன்றையும் அதை வைத்துத்தான் எடைபோட்டிருக்கிறேன்.

எது திணறுகிறது என்று பாருங்கள்

கணினி ஒலியைத் துண்டு துண்டாக எடுத்துக் கணக்கிடுகிறது; ஒரு துண்டின் அளவுதான் பஃபர். 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 48,000 சாம்பிள் (ஒலியின் அளவீடு) எடுக்கும்போது, பஃபரை 128 சாம்பிள் என்று வைத்தால், கணினிக்குக் கிடைக்கும் அவகாசம் 2.67 மில்லிசெகண்ட். அதற்குள் அந்த 128 சாம்பிளுக்கான கணக்கு முழுவதும் முடிந்திருக்க வேண்டும். நொடிக்கு 375 முறை இந்தக் கெடு வருகிறது. ஒரு முறை தவறினாலும் காதில் 'டப்' என்று கேட்டுவிடும். டாஸ்க் மேனேஜர் 35 சதவீதம் என்று காட்டும்போதே ஒலி உடைவது இதனால்தான். அது எல்லா கோர்களையும் சேர்த்து, மெதுவாக எடுத்த சராசரி. கெடு தவறுவதோ மில்லிசெகண்டுகளுக்குள்.

அப்புறம், ஒரு டிராக்கில் கேட், ஓவர்டிரைவ், ஆம்ப், கேபினெட், ஈக்யூ, டிலே, ரிவெர்ப் என்று வரிசையாக ஏழு பிளகின் இருந்தால், ஒன்று முடித்துக் கொடுத்தால்தான் அடுத்தது தொடங்க முடியும். அந்தச் சங்கிலியை நான்கு கோருக்குப் பங்கு போட வழியில்லை. நீங்கள் வாசித்துக்கொண்டிருக்கும் டிராக்கின் பாரம் முழுக்க ஒரே கோரின் தலையில்தான் விழும், மற்ற மூன்றும் சும்மா இருந்தாலும்கூட.

எனவே எதையும் மாற்றுவதற்கு முன் அளந்து பார்ப்பது நல்லது. ரீப்பரில் வியூ மெனுவில் பெர்ஃபார்மன்ஸ் மீட்டர் இருக்கிறது. எந்த டிராக் எவ்வளவு பிராசசரைத் தின்கிறது என்று வரிசையாகக் காட்டும். ரீப்பரைப் போன்ற இன்னொரு மென்பொருளான க்யூபேஸில் ஆடியோ பெர்ஃபார்மன்ஸ் ஜன்னல் உண்டு. ஏபிள்டன் லைவில் 11ஆம் பதிப்பு முதல் டிராக் வாரியாகப் பார்க்கலாம். பாட்டின் கனமான இடத்தை ஓடவிட்டு ஒரு நிமிடம் கவனியுங்கள். கிட்டார் ஆம்ப்தான் குற்றவாளி என்று நினைத்திருப்போம்; மாஸ்டரில் (எல்லா டிராக்கும் வந்து சேரும் இடத்தில்) கிடக்கும் லிமிட்டரோ, யாரும் கவனிக்காத ஒரு கன்வலூஷன் ரிவெர்ப்போ பாதியை விழுங்கிக்கொண்டிருக்கும்.

ரீப்பர்க்காரர்களுக்கு ஒரு விஷயம். வாசிக்கப்படாமல் சும்மா ஓடும் டிராக்குகளின் எஃபெக்ட்களை ரீப்பர் முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துக்கொள்ளும். ஆன்டிசிபேட்டிவ் எஃப்எக்ஸ் என்று அதற்குப் பெயர்; இயல்பாக 200 மில்லிசெகண்ட் முன்னால் ஓடும். அந்த டிராக்குகளுக்கு 2.67 மில்லிசெகண்ட் கெடு இல்லை. ஆனால் ஒரு டிராக்கை ரெக்கார்டுக்கு ஆர்ம் செய்து (சிவப்புப் பொத்தானை அழுத்தி) மானிட்டர் போட்டுவிட்டால், அது அந்தச் சலுகையை இழந்து நேரடிக் கெடுவுக்குள் வந்துவிடும். முந்தைய நான்கு ரிதம் டிராக்கின் சிவப்புப் பொத்தானையும் அணைக்காமல் விட்டுவிட்டு லீட் வாசித்தால், ஐந்து ஆம்ப் ஒரே நேரத்தில் அந்தக் கெடுவோடு மல்லுக்கு நிற்கும். சிவப்புப் பொத்தான்களை அணைத்துவிட்டாலே மீட்டர் சட்டென்று இறங்குவதைப் பார்க்கலாம். க்யூபேஸில் ஆசியோ கார்டு என்ற வசதி செய்வதும் இதே வேலைதான்.

நம் வீடுகளுக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. எர்த்திங் சரியில்லாத வீட்டில் சார்ஜர் செருகியிருந்தால் கிட்டாரில் 'ங்ங்ங்' என்று இரைச்சல் வரும். சார்ஜரைப் பிடுங்கினால் இரைச்சல் நின்றுவிடும். அதனால் பலர் பேட்டரியிலேயே பதிவு செய்கிறார்கள். பேட்டரிக்கு மாறிய உடனே விண்டோஸ் லேப்டாப்கள் பலவும் மின்சாரத்தை மிச்சப்படுத்த பிராசசரின் வேகத்தைக் குறைத்துவிடும். ஒலி உடையத் தொடங்குவது அங்கேதான். இரைச்சலுக்கு மருந்து பிளக் பாயின்ட்டில் இருக்கிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அது பாதுகாப்புக்கும் வேண்டியது. பிறகு சார்ஜரைச் செருகி, பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸில் வைத்துப் பதிவு செய்யலாம். சித்திரை, வைகாசியில் மூடிய அறையில் மெத்தை மேல் லேப்டாப்பை வைத்துப் பதிவு செய்தாலும் இதே கதைதான். சூடு ஏறினால் பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மேஜையில் வைத்து அடியில் காற்று போக இடம் விட்டால் போதும்.

பஃபர்: இலவசம், ஆனால் கைக்குத் தெரியும்

பஃபரைக் கூட்டுவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. 48 கிலோஹெர்ட்ஸில் 64 சாம்பிள் என்றால் 1.33 மில்லிசெகண்ட், 256 என்றால் 5.33, 1024 என்றால் 21.3. இது ஒரு வழிக்கான கணக்கு. கிட்டார் உள்ளே போய், பிளகின் வழியாக வெளியே வர, இதைப்போல் இரண்டு மடங்கு ஆகும்; அதற்கு மேல் டிரைவரும் இன்டர்ஃபேஸும் கொஞ்சம் சேர்க்கும். ஒலி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். ஆக, மொத்தத் தாமதம் 9 மில்லிசெகண்ட் என்றால் ஆம்ப்பிலிருந்து பத்தடி தள்ளி நின்று வாசிப்பதற்குச் சமம். மேடையில் எத்தனையோ பேர் அப்படித்தான் வாசிக்கிறார்கள். 1024இல் அது நாற்பதைத் தாண்டிவிடும். அப்போது வேகமான பாம் மியூட் (உள்ளங்கையால் தந்தியை அமுக்கி வாசிக்கும்) ரிதமை நேரத்தில் வைப்பது எந்தக் கைக்கும் கஷ்டம்.

அதனால் பஃபரை ஒரே அளவில் வைத்துக்கொண்டு எல்லா வேலையும் செய்ய வேண்டியதில்லை. வாசிக்கும்போது 128, லேப்டாப் தாங்கவில்லை என்றால் 256. மிக்ஸ் செய்யும்போது தயங்காமல் 1024. மாற்றுவதற்கு ஆகும் நேரம் சில நொடிகள். நல்ல டிரைவர் இருந்தால்தான் சின்ன பஃபர் நிலைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: இன்டர்ஃபேஸ் தயாரித்த நிறுவனமே தரும் ஆசியோ டிரைவர் (விண்டோஸில் குறைந்த தாமதத்தில் ஒலியைக் கையாளும் டிரைவர்) இருந்தால் அதையே போடுங்கள். ஆசியோ4ஆல் என்ற பொதுவான டிரைவர் அப்படி ஒன்று இல்லாதவர்களுக்கு.

பஃபரைக் குறைத்தும் தாமதம் குறையவில்லை என்று சிலர் தவிப்பார்கள். பெரும்பாலும் மாஸ்டர் டிராக்கில் லீனியர் ஃபேஸ் ஈக்யூவோ, லுக்அஹெட் (வரப்போகும் ஒலியை முன்கூட்டியே பார்ப்பது) உள்ள லிமிட்டரோ இருக்கும். அந்த வகை பிளகின்கள் தாங்களே ஆயிரக்கணக்கான சாம்பிள் தாமதம் கேட்கும். 4096 சாம்பிள் கேட்டால் 85 மில்லிசெகண்ட். அதைக் கவனிக்காமல் பஃபரை 64, 32 என்று இறக்கிக்கொண்டே போனால் பிராசசர் திணறுமே தவிர, தாமதம் அப்படியே நிற்கும். மாஸ்டரிங் பிளகின்களைப் பாட்டு பதிவாகி முடியும்வரை போடாமல் இருப்பதே நல்லது.

சாம்பிள் ரேட்டையும் இங்கேயே சொல்லிவிடலாம். 96 கிலோஹெர்ட்ஸில் வேலை செய்தால் ஒவ்வொரு பிளகினுக்கும் ஏறக்குறைய இரட்டிப்பு வேலை. கிட்டார் ஸ்பீக்கர் 5, 6 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாகச் சரிந்துவிடும். அந்த ஒலிக்கு 48 தாராளம்.

ஃப்ரீஸ்: நான் முதலில் கைகாட்டுவது

வாசித்து முடித்த டிராக்கை அதன் பிளகின்களோடு சேர்த்து ஒரு வேவ் கோப்பாக எழுதிவிட்டு, பிளகின்களை இறக்கி வைப்பதுதான் ஃப்ரீஸ். ரீப்பர், க்யூபேஸ், லாஜிக், ஏபிள்டன் லைவ் எல்லாவற்றிலும் உண்டு. ஸ்டூடியோ ஒன்னில் டிரான்ஸ்ஃபார்ம் என்ற பெயரில் இருக்கும். ரீப்பரில் டிராக்கின் மேல் வலது கிளிக், ரெண்டர்/ஃப்ரீஸ் டிராக்ஸ், அதில் மோனோ அல்லது ஸ்டீரியோ. சில நொடிகளில் டிராக்கில் புதிய அலைவடிவம் வந்து உட்காரும், மீட்டரில் அந்த டிராக்கின் எண் ஏறக்குறைய பூஜ்யத்துக்குப் போகும். மனம் மாறினால் அன்ஃப்ரீஸ். பழைய டேக், பிளகின், நாப் நிலை எல்லாம் இருந்தபடியே திரும்பி வரும்.

இந்த வழிக்கு நான் முதலிடம் கொடுப்பதற்குக் காரணம், வாசிக்கும் உணர்வில் இது கைவைப்பதே இல்லை. பிடித்த ஆம்ப், பிடித்த தரம், சின்ன பஃபர் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டே வாசிக்கலாம். எத்தனை டிராக் சேர்ந்தாலும் நேரடியாக ஓடுவது அப்போது வாசிக்கும் ஒரு சங்கிலி மட்டும்தான். ஓர் ஆம்ப்பைத் தாங்கும் லேப்டாப் இருபது கிட்டார் டிராக் உள்ள பாட்டையும் தாங்கும்.

வட்டில் பிடிக்கும் இடம் பெரிதில்லை. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ என்றால் நிமிடத்துக்குச் சுமார் 17 எம்பி. நான்கு நிமிடப் பாட்டுக்கு ஒரு டிராக் சுமார் 70 எம்பி. மோனோ ரிதம் என்றால் அதில் பாதி.

ஆனால் வரிசை முக்கியம். வெட்டி ஒட்டும் வேலையை முழுவதும் முடித்துவிட்டுத்தான் ஃப்ரீஸ் செய்ய வேண்டும். டிஐ டிராக்கை, அதாவது ஆம்ப், எஃபெக்ட் எதுவும் சேராத நேரடி கிட்டார் ஒலியைப் பெரிதாக்கிப் பாருங்கள்: ஒவ்வொரு பிக் அடியும் கூர்மையாக எழுந்து தணிவது தெளிவாகத் தெரியும். எங்கே வெட்ட வேண்டும், எது நேரம் தவறியிருக்கிறது என்று கண்ணாலேயே சொல்லிவிடலாம். அதே வாசிப்பு ஹை கெய்ன் ஆம்ப் வழியாக வந்த பிறகு ஒரே கெட்டியான பட்டையாகிவிடும். அடி எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. மேலும், டிஐயில் இரண்டு டேக்கை ஒட்டினால் ஒட்டு ஆம்ப்புக்குள் போய் மறைந்துவிடும். டிஸ்டார்ஷனுக்குப் பிறகு ஒட்டினால் அந்த இடம் துருத்திக்கொண்டு நிற்கும். ஆகவே வாசி, திருத்து, பிறகு ஃப்ரீஸ்.

ரிவெர்ப்பையும் டிலேயையும் சேர்த்து ஃப்ரீஸ் செய்யாமல் இருப்பது நல்லது. அவை மிக்ஸில் கடைசிவரை மாறிக்கொண்டே இருக்கும். ஆம்ப், கேபினெட் வரை டிராக்கில் வைத்து உறைய வைத்துவிட்டு, ரிவெர்ப்பைத் தனி பஸ்ஸில் (பல டிராக்குகளின் ஒலி வந்து சேரும் பொது டிராக்கில்) வைத்தால் இரண்டு நன்மையும் கிடைக்கும்.

இதன் குறை என்ன? ஆம்ப்பின் கெய்னைக் கொஞ்சம் குறைக்கலாமே என்று மிக்ஸின் நடுவில் தோன்றினால் அன்ஃப்ரீஸ் செய்து, திருத்தி, மறுபடி ஃப்ரீஸ் செய்ய வேண்டும். டோனைத் தேடிக்கொண்டே இருப்பவருக்கு இது எரிச்சல் தரும். என்னைக் கேட்டால் அந்தச் சின்னத் தடை பாட்டுக்கு நல்லதுதான். ஒரு டோனை முடிவு செய்த பிறகு அதைச் சுற்றி மற்றதை அமைக்கும்போது பாட்டு நகர்கிறது. நான்கு ஆம்ப்பும் திறந்தே கிடந்தால் பாட்டு முடிவதே இல்லை.

பல வருடம் கழித்துப் பழைய பாட்டைத் திறக்கும்போதும் இது கைகொடுக்கும். பிளகினின் லைசென்ஸ் போயிருக்கலாம், புது விண்டோஸில் அது ஓடாமல் இருக்கலாம். ஒலி வேவ் கோப்பாக இருந்தால் பாட்டு பிழைத்துக்கொள்ளும். கூடவே டிஐயும் இருந்தால் புது ஆம்ப்பில் போட்டு மறுபடி உருவாக்கலாம். புராஜெக்ட்டை வேறு வட்டுக்கு மாற்றும்போது எல்லா ஆடியோ கோப்புகளையும் சேர்த்துச் சேமிக்கும் தேர்வைப் போட மறக்காதீர்கள்.

இதிலேயே இன்னும் ஒரு படி மேலே போகிறவர்கள் ஆம்ப்பை ரீப்பரின் இன்புட் எஃப்எக்ஸில் வைத்து, ஒலியை நேரடியாக ஆம்ப்போடு பதிவு செய்வார்கள். ஃப்ரீஸ் செய்யவே தேவையில்லை. ஆனால் பின்வாங்க வழியில்லை. அதே இன்புட்டை இன்னொரு டிராக்கில் பிளகின் இல்லாமல் சேர்த்துப் பதிவு செய்துகொண்டால் மட்டும் இதைச் செய்யுங்கள்.

சங்கிலியைப் பிரிப்பது

ஃப்ரீஸ் செய்ய விருப்பமில்லை, எல்லாம் திறந்தே இருக்க வேண்டும் என்பவர்களுக்கு உள்ள நல்ல வழி, எதைப் பொதுவாக்கலாம், எதைப் பொதுவாக்கக் கூடாது என்று தெரிந்து பிரிப்பது.

டிஸ்டார்ஷனைப் பொதுவாக்க முடியாது. இரண்டு கிட்டாரைக் கலந்து ஓர் ஆம்ப்புக்குள் அனுப்பினால், இரண்டின் ஸ்வரங்களும் ஒன்றோடொன்று உரசி, யாரும் வாசிக்காத புது அதிர்வெண்கள் பிறக்கும். ஒருவர் சி, இன்னொருவர் ஈ வாசித்தால் கேட்பது இரண்டு கிட்டாராக இருக்காது, சேறாக இருக்கும். ஆம்ப்புக்கு முன்னால் உள்ள கேட், ஓவர்டிரைவ் எல்லாமும் இதே காரணத்தால் ஒவ்வொரு டிராக்கிலும் தனியாகவே இருந்தாக வேண்டும்.

ஸ்பீக்கர் பெட்டியான கேபினெட் அப்படியல்ல. பிளகினில் அதன் இடத்தில் வருவது ஐஆர் (இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ்), கேபினெட்டின் ஒலித்தன்மையைப் பதிந்துவைத்த கோப்பு. அது ஒலியின் நிறத்தை மாற்றுமே தவிர, புது அதிர்வெண் எதையும் உண்டாக்காது. நான்கு கிட்டாரையும் தனித்தனியாக ஐஆர் வழியாக அனுப்பிக் கலந்தாலும், கலந்துவிட்டு ஒரே ஐஆர் வழியாக அனுப்பினாலும் விடை ஒன்றுதான். எனவே நான்கு ரிதமுக்கும் ஒரே கேபினெட் என்றால், டிராக்குகளில் ஆம்ப் பிளகினின் கேபினெட் பகுதியை அணைத்துவிட்டு, எல்லாவற்றையும் ஒரு பஸ்ஸுக்கு அனுப்பி அங்கே ஓர் ஐஆர் லோடரைப் போடலாம். இக்னைட் ஆம்ப்ஸின் நாடிர் போன்ற இலவச லோடரே போதும். இடம், வலம் பான் செய்ததும் அப்படியே நிற்கும். ஆனால் டிராக்கில் கேபினெட்டுக்குப் பிறகு கம்ப்ரெஸர் இருந்தால் இது ஒத்துவராது; ஐஆர் பஸ்ஸுக்குப் போனால் கம்ப்ரெஸர் அதற்கு முன்னால் வந்து ஒலி மாறிவிடும்.

ஐஆரின் நீளத்தையும் பாருங்கள். நெருக்கமாக மைக் வைத்து எடுத்த கிட்டார் கேபினெட்டின் தன்மை பெரும்பாலும் முதல் சில பத்து மில்லிசெகண்டுகளுக்குள் அடங்கிவிடும். 48 கிலோஹெர்ட்ஸில் 2048 சாம்பிள் என்றால் 43 மில்லிசெகண்ட். அதற்கு மேல் உள்ளதைப் பல நேரம் காதால் கண்டுபிடிக்க முடியாது.

ரிவெர்ப், டிலே பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு டிராக்கிலும் ஒன்று வைப்பதற்குப் பதில் ஒரு பஸ், அதற்கு எல்லா டிராக்கிலிருந்தும் சென்ட் (ஒலியின் நகலை அனுப்பும் வழி). பிராசசரும் மிச்சம், எல்லாக் கருவியும் ஒரே அறையில் வாசிப்பது போலவும் கேட்கும்.

பலர் கவனிக்காத ஒன்று மோனோ. கிட்டார் ஒரே ஒரு ஒயரில்தான் வருகிறது. ஆம்ப் பிளகினில் ஸ்டீரியோ தேர்வு ஆனாகி இருந்தால் அதே ஆம்ப்பை இடதுக்கும் வலதுக்குமாக இரண்டு முறை கணக்கிடும். மோனோவுக்கு மாற்றுவது ஒரு கிளிக்; அந்தப் பிளகினின் பாரம் ஏறக்குறைய பாதியாகும்.

தேவையில்லாத பிளகினை அணைக்கும்போது பைபாஸும் ஆஃப்லைனும் வேறு என்பதை நினைவில் வையுங்கள். ரீப்பரில் ஷிஃப்ட் அழுத்திக் கிளிக் செய்தால் பைபாஸ். பிளகின் நினைவகத்திலேயே இருக்கும். கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் அழுத்திக் கிளிக் செய்தால் ஆஃப்லைன், முழுவதும் இறங்கிவிடும். பேஸுக்கு மூன்று ஆம்ப் போட்டுப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்த பிறகு மற்ற இரண்டும் ஆஃப்லைனுக்குப் போகட்டும்.

தரத்தைக் குறைப்பதும் லேசான பிளகினும்

ஓவர்சாம்பிளிங் எதற்கு என்று தெரிந்தால் எப்போது குறைக்கலாம் என்பதும் தெரிந்துவிடும். 48 கிலோஹெர்ட்ஸில் கணினி வைத்திருக்கக்கூடிய உச்ச அதிர்வெண் 24 கிலோஹெர்ட்ஸ். டிஸ்டார்ஷன் 5 கிலோஹெர்ட்ஸ் ஒலியிலிருந்து 10, 15, 20 என்று மடங்குகளை உண்டாக்கிக்கொண்டே போகும். 35 கிலோஹெர்ட்ஸில் ஒன்று பிறந்தால் அதற்கு இடமில்லை. மடங்கித் திரும்பி 13 கிலோஹெர்ட்ஸில் வந்து விழும். வாசித்த ஸ்வரத்தோடு சம்பந்தமே இல்லாத அந்தச் சத்தம்தான் மலிவான டிஜிட்டல் டிஸ்டார்ஷனின் கரகரப்பு. நான்கு மடங்கு ஓவர்சாம்பிளிங் என்றால் பிளகின் உள்ளுக்குள் 192 கிலோஹெர்ட்ஸில் வேலை செய்து, அதை வடிகட்டிவிட்டுத் திரும்பத் தருகிறது. அந்தப் பகுதிக்கு வேலையும் நான்கு மடங்கு.

ஆக, ஹை கெய்ன் லீடில் மேல் ஃப்ரெட்டில் பெண்ட் செய்யும் இடத்தில் ஓவர்சாம்பிளிங்கைக் குறைத்தால் காதுக்குத் தெரியும். கிளீன் ஆர்பெஜியோவில் அதை முழுவதும் அணைத்தாலும் வித்தியாசம் தெரியாது. வாசிக்கும்போது குறைவாகவும் ஃபைனல் ரெண்டரில் அதிகமாகவும் தனித்தனியே வைக்கும் வசதி சில பிளகின்களில் இருக்கிறது. இருந்தால் கண்டிப்பாகப் பயன்படுத்துங்கள். ஆனால் அந்தப் பாட்டை ரெண்டர் செய்த பிறகு ஒரு தடவை முழுவதும் கேளுங்கள். மிக்ஸில் கேட்ட பிரகாசம் கொஞ்சம் மாறியிருக்கும்.

வேறு பிளகினுக்கு மாறுவது பற்றிக் கேட்டால், நியூரல் ஆம்ப் மாடலர் நல்ல உதாரணம். ஸ்டீவன் அட்கின்சன் உருவாக்கிய இலவச, ஓப்பன் சோர்ஸ் பிளகின் அது. ஆம்ப்பின் ஒலியை ஒரு நியூரல் நெட்வொர்க்குக்குப் பழக்கி, அந்த மாடலை ஓடவிடுகிறது. தரம் அருமை, ஆனால் ஸ்டாண்டர்ட் அளவு மாடல் பழைய லேப்டாப்பில் கனமாக உட்காரும். அதே பிளகினில் லைட், ஃபெதர், நானோ என்று படிப்படியாக இளைத்த மாடல்களும் ஓடும். நெருக்கமாக மிக்ஸ் செய்த பாட்டில் இரட்டை ரிதமுக்கு ஃபெதர் போட்டு, முன்னால் நிற்கும் லீடுக்கு மட்டும் ஸ்டாண்டர்ட் போடுவது புத்திசாலித்தனம். மாடல்கள் பொதுவாக 48 கிலோஹெர்ட்ஸில் பழக்கப்பட்டவை. புராஜெக்ட்டும் 48இல் இருந்தால் நடுவில் ரீசாம்பிள் செய்யும் வேலை மிச்சம்.

கிட்டார் ரிக், ஆம்ப்ளிட்யூப் மாதிரி பெரிய தொகுப்புகளில் கனம் பெரும்பாலும் நாம் தொடாத பகுதிகளிலிருந்து வரும். ஃபேக்டரி பிரீசெட்டைத் திறந்தால் அதில் இரண்டு கேபினெட், ரூம் மைக், ஸ்டுடியோ ரிவெர்ப், ராக் எஃபெக்ட் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். பிரீசெட்டை அப்படியே விடாமல், வேண்டாததை நீக்கிச் சொந்தப் பெயரில் சேமித்துக்கொள்ளுங்கள்.

இந்த வழியின் விலை ஒலியில் வருகிறது. பிடித்த டோனை விட்டுக்கொடுத்து வாசித்தால் கையும் வேறு மாதிரி வாசிக்கும். அதனால் இதை ஃப்ரீஸுக்கு அடுத்த இடத்தில்தான் வைப்பேன்.

பணம் செலவழிக்கும் வழிகள்

இன்டர்ஃபேஸில் உள்ள டைரக்ட் மானிட்டர் பொத்தானுக்குத் தனியாகப் பணம் தேவையில்லை. கணினியைச் சுற்றாமல் இன்புட் நேராக ஹெட்ஃபோனுக்குப் போகும். பேஸுக்கும் கிளீன் கிட்டாருக்கும் சரி. டிஸ்டார்ஷன் வேண்டிய வாசிப்புக்கு ஒத்துவராது. சஸ்டெய்ன் எவ்வளவு நிற்கிறது, பாம் மியூட் எவ்வளவு இறுகுகிறது என்பதைக் கேட்டுத்தான் கை தன்னைச் சரிசெய்துகொள்கிறது. வறண்ட ஒலியைக் கேட்டு ஹை கெய்ன் வாசிப்பவர் தேவைக்கு மேல் அழுத்தி அடிப்பார்.

அந்தக் குறையைத் தீர்ப்பது யூஎஸ்பி உள்ள மல்டி எஃபெக்ட் பெடல். பாஸ் ஜிடி-1, லைன் 6இன் ஹெச்எக்ஸ் ஸ்டாம்ப் போன்றவை தாங்களே ஆடியோ இன்டர்ஃபேஸாகவும் வேலை செய்யும். ஆம்ப், எஃபெக்ட் கணக்கு முழுவதும் பெடலுக்குள் முடிந்துவிடும். லேப்டாப் பதிவு செய்தால் போதும். தாமதம் அனேகமாகத் தெரியாது. ஹெச்எக்ஸ் ஸ்டாம்ப்பில் எஃபெக்ட் ஒலியோடு டிஐயையும் சேர்த்தே பதிவு செய்யலாம். பிறகு வேண்டுமென்றால் டிஐயைத் திரும்பப் பெடலுக்கு அனுப்பி ரீஆம்ப் செய்யலாம். பெடல் மேடைக்கும் வரும் என்பது பிளகினுக்கு இல்லாத குணம். குறை, ஒரு நேரத்தில் ஒரு ஒலிதான். இரண்டாவது டிராக்குக்கு வேறு டோன் வேண்டுமென்றால் ரியல் டைமில் ஓடவிட்டு ரீஆம்ப் செய்ய வேண்டும்.

யூனிவர்சல் ஆடியோவின் அப்பல்லோ மாதிரி டிஎஸ்பி சிப் (ஒலிக் கணக்குக்கென்றே உள்ள சிப்) உள்ள இன்டர்ஃபேஸ்கள் இன்னொரு வகை. பிளகின் கணக்கு இன்டர்ஃபேஸுக்குள்ளேயே ஓடும், தாமதம் மிகக் குறைவு. ஆனால் அந்த நிறுவனத்தின் வடிவத்தில் எழுதப்பட்ட பிளகின்கள் மட்டுமே அந்தச் சிப்பில் ஓடும். நீங்கள் ஏற்கெனவே வாங்கிய நியூரல் டிஎஸ்பி, ஆம்ப்ளிட்யூப் பிளகின் எதுவும் அதில் ஓடாது. அந்தச் சிப்பின் கொள்ளளவுக்கும் எல்லை உண்டு. குரல், மைக் என்று எல்லாவற்றையும் பதிவு செய்கிறவருக்கு அது நல்ல முதலீடு. கிட்டார் மட்டும் வாசிக்கும் ஒருவருக்கு, பிராசசர் பாரத்தைக் குறைப்பதற்காக மட்டும் அவ்வளவு பணம் போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

புது லேப்டாப் வாங்குவதாக இருந்தால், கடையில் முதலில் சொல்லும் "ரேம் போட்டால் சரியாகிவிடும்" என்பதை நம்ப வேண்டாம். ஆம்ப் பிளகினின் பாரம் கணக்கில்தான் இருக்கிறது. நினைவகத்தில் அது பெரிதாக இடம் கேட்பதில்லை. ரேம் தேவைப்படுவது பெரிய டிரம் சாம்பிள் தொகுப்புகளுக்கு. நேரடியாக வாசிக்கும் சங்கிலிக்கு ஒரு கோரின் வேகம் முக்கியம். டிராக்குகளின் எண்ணிக்கைக்குத்தான் கோர்களின் எண்ணிக்கை. மெலிந்த, ஃபேன் இல்லாத மாடல்களைவிட, கொஞ்சம் கனமாக இருந்தாலும் நல்ல குளிரூட்டும் அமைப்பு உள்ளது நீண்ட பதிவில் வேகம் குறையாமல் ஓடும். 2020 முதல் வரும் ஆப்பிள் எம் வரிசை மேக்குகள் இந்த வேலையை நன்றாகச் செய்கின்றன. பழைய இன்டெல் பிளகின்களை ரோசெட்டா என்ற மொழிமாற்று மென்பொருள் வழியாக ஓட்டினால் மட்டும் அந்தப் பலன் குறையும். பிளகின் ஆப்பிள் சிலிக்கானுக்கு (எம் வரிசைச் சிப்புக்கு) எழுதப்பட்ட பதிப்பா என்று வாங்குவதற்கு முன் பாருங்கள்.

எனவே பாட்டெழுதி டிராக் டிராக்காக அடுக்குகிறவர் பணத்தைத் தொடாமல் ஃப்ரீஸிலிருந்து தொடங்கலாம். மோனோ, பொதுவான ஐஆர், பொதுவான ரிவெர்ப் மூன்றும் அதே மாலையில் முடிகிற வேலை. ஆம்ப்பின் நாப்பைக் கடைசி நாள்வரை திருப்பிக்கொண்டே இருக்க வேண்டியவர், மற்றவர்களுக்காக மிக்ஸ் செய்கிறவர் என்றால் லேசான மாடல்களும் 1024 பஃபரும். தினமும் லேப்டாப் வழியாகவே சாதகம் செய்கிறவர், பேண்ட் ஒத்திகைக்கும் அதையே தூக்கிக்கொண்டு போகிறவர் என்றால், ஃப்ரீஸ் அவருக்கு உதவாது. அவர் வாசிப்பது எல்லாமே நேரடி. அந்தப் பணத்தில் புது லேப்டாப்பை விட ஒரு யூஎஸ்பி பெடல் வாங்கலாம். பழையதாக எடுத்தாலும் சரி; வாங்குமுன் உங்கள் லேப்டாப்பில் செருகி, டிரைவர் உங்கள் விண்டோஸ் பதிப்பில் ஏறுகிறதா, யூஎஸ்பி வழியாக ஒலி வருகிறதா என்று அங்கேயே வாசித்துப் பாருங்கள்.